அர்ஜென்டினாவின் அறிவியல் கொள்கையும் ஆட்சி மாற்றங்களும்

அர்ஜென்டினாவில் அறிவியலுக்கெனத் தனி அமைச்சகம் 2007 டிசம்பரில் பிறந்தது. 2018 செப்டம்பரில் அது கல்வி அமைச்சகத்துக்குள் ஒரு செயலகமாகச் சுருங்கியது. 2019 டிசம்பரில் மீண்டும் அமைச்சகமானது. 2023 டிசம்பரில் மறுபடி கலைக்கப்பட்டு, அமைச்சரவைத் தலைவரின் அலுவலகத்துக்குக் கீழே போனது. பதினாறு ஆண்டுகளுக்குள் இத்தனை முறை பலகை மாறிய இந்த நாடு, 1930 முதல் 1976 வரை ஆறு ராணுவக் கவிழ்ப்புகளையும் கண்டது. அறிவியலுக்கான நோபல் பரிசுகளில் லத்தீன் அமெரிக்காவின் முதல் வரிசையில் நிற்பதும் இதே நாடுதான்: பெர்னார்தோ ஊசாய் (1947), லூயிஸ் லெலோயர் (1970), சேசர் மில்ஸ்டீன் (1984). ஆட்சி நிலைகுலைந்தால் அறிவியலும் நிலைகுலையும் என்ற பொதுக் கணக்கு இங்கே நேராகப் பொருந்துவதில்லை. அதே குழப்பத்தில் சில நிறுவனங்கள் தழைத்தன, சில ஒரே இரவில் காலியாயின. எந்த நிறுவனத்துக்கு அரசு கொடுத்த வாக்கு அந்த அரசைவிட நீண்ட ஆயுள் பெற்றிருந்தது என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது.

ஊசாயின் வாழ்க்கையே இதற்கு முதல் சான்று. 1943இல் மக்களாட்சிக்குத் திரும்பக் கோரும் அறிக்கையில் கையெழுத்திட்டதற்காக அவர் புவனோஸ் ஐரிஸ் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்டார். அடுத்த ஆண்டே தனியார் கொடையில் ஓர் ஆய்வகம் அமைத்து வேலையைத் தொடர்ந்தார். லெலோயரும் காம்போமார் குடும்பம் தந்த பணத்தில், 1947இல் தொடங்கிய சிறு நிலையத்தில்தான் நோபலுக்குரிய பணியைச் செய்தார். அரசே தேவையில்லை என்று வாதிடுவோர் இவ்விருவரையும் காட்டுவது வழக்கம். ஆனால் அந்த வழியின் எல்லையை ஊசாயே நன்கு உணர்ந்திருந்தார். 1958இல் தேசிய ஆய்வு மன்றமான கோனிசெட் உருவானபோது அதன் முதல் தலைவராகி, 1971இல் இறக்கும் வரை அவர் வலியுறுத்தியது ஆராய்ச்சியாளருக்கு முழுநேர, நிரந்தரப் பணி வேண்டும் என்பதை. கொடையாளரின் மனம் இருக்கும்வரைதான் கொடை. ஆராய்ச்சியாளர் பணிநிலை பின்னர் 1973இன் 20,464ஆம் சட்டத்தால் உறுதியானது. அமைச்சகங்கள் வந்து போனபோதும் கோனிசெட் நிற்பதற்கு இது ஒரு பெரிய காரணம். அதை மூடுவதாகத் தேர்தல் மேடையில் பேசிய அதிபர் ஹாவியர் மிலெய்யால்கூட, பதவிக்கு வந்தபின் அதைக் கலைக்க முடியவில்லை.

அத்தகைய காப்பு இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதை 1966 ஜூலை 29 காட்டியது. ஒங்கானியாவின் ராணுவ அரசு பல்கலைக்கழகத் தன்னாட்சியை ரத்து செய்ய, எதிர்த்துக் கட்டடங்களுக்குள் தங்கியிருந்த ஆசிரியர்களையும் மாணவர்களையும் போலீஸ் தடியால் அடித்து வெளியேற்றியது. ‘நீண்ட தடிகளின் இரவு’ என்றே அது வரலாற்றில் நிலைத்துவிட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் பதவி விலகினர், சுமார் 300 பேர் நாட்டை விட்டே போனார்கள். புவனோஸ் ஐரிஸ் பல்கலைக்கழக அறிவியல் புலத்தின் கணக்கீட்டு நிலையத்தில் 1961 முதல் இயங்கிவந்த ‘கிளெமென்டினா’ என்ற ஃபெர்ராண்டி மெர்க்குரி கணினியை யாரும் உடைக்கவில்லை. அது அறைக்குள் பத்திரமாகவே இருந்தது. மனுவேல் சதோஸ்கி அதைச் சுற்றி வளர்த்த குழுதான் கலைந்துபோனது. நான்கு ஆண்டுகளுக்கு முன், 1962 கவிழ்ப்பை அடுத்து மால்ப்ரான் நுண்ணுயிரியல் நிலையத்தில் அரசு தலையிட்டபோது அங்கே பணியாற்றிய மில்ஸ்டீன் விலகிக் கேம்பிரிட்ஜுக்குத் திரும்பியிருந்தார். அவருக்கு நோபல் பெற்றுத்தந்த ஒற்றைப்படி எதிர்ப்பொருள் முறை 1975இல் அங்கேதான் உருவானது. அவருடைய நோபலை அர்ஜென்டினா பெருமையோடு எண்ணிக்கொள்கிறது. ஆய்வு நடந்ததோ பிரிட்டனில்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். 1950இல் அதிபர் பெரோன் தொடங்கிய தேசிய அணுசக்தி ஆணையம் ராணுவ ஆட்சிகளுக்கிடையேதான் வளர்ந்தது. அதன் தொடக்கமே கேலிக்கூத்து: ரொனால்டு ரிக்டர் ஊவெமுல் தீவில் அணுக்கருப் பிணைப்பைச் சாதித்துவிட்டதாக 1951இல் பெரோன் உலகுக்கு அறிவித்தார், இயற்பியலாளர் ஹோசே பல்செய்ரோ அடங்கிய குழு மறு ஆண்டே அது பொய் என்று கண்டது. அந்த வெட்கக்கேட்டின் எச்சத்திலிருந்து 1955இல் பாரிலோச்சேயில் ஒரு தரமான இயற்பியல் கல்விநிலையம் முளைத்தது. 1958இல் உள்நாட்டிலேயே கட்டிய ஆய்வு உலை, 1974இல் அத்துச்சா மின்னுலை, 1976இல் இன்வாப் நிறுவனம், பின்னாளில் அதே இன்வாப் ஆஸ்திரேலியாவுக்குக் கட்டிக்கொடுத்த ஓபல் உலை என்று வரிசை நீள்கிறது. அப்படியானால் இரும்புக்கரம்தான் அறிவியலுக்கு நல்லதா? இல்லை. அந்த ஆண்டுகளில் நாட்டில் எந்த அரசும் நிலையாக இருக்கவில்லை. ஆணையம் மட்டும் கடற்படையின் பிடியில் இருந்தது. ஆஸ்கர் கிஹிலால்ட் 1955 முதல் 1973 வரை பெரும்பாலும் அதன் தலைமையில் இருக்க, மேலே ஏழெட்டு அதிபர்கள் மாறினார்கள். கிளெமென்டினாவின் குழுவைக் கலைத்ததும் அதே ராணுவம்தான். 1976 கவிழ்ப்புக்குப் பின் ஆணையத்தின் ஊழியர்கள் சிலரும் ராணுவ ஆட்சி கடத்தி மறைத்த ‘காணாமற்போனவர்’ பட்டியலில் சேர்ந்தார்கள். அங்கே உலைகளுக்குக் காப்பு இருந்தது, மனிதருக்கு இல்லை.

மறுசீரமைப்பு எல்லாமே கேடு என்றும் கொள்ள முடியாது. ஆய்வைச் செய்யும் அமைப்பும் அதற்குப் பணம் தரும் அமைப்பும் ஒன்றாக இருப்பது முறையல்ல என்பதால் 1990களின் நடுவில் தனி நிதி முகமை ஒன்று உருவாக்கப்பட்டது. அதை ஏற்படுத்தியது அதிபர் மெனெமின் அரசு. எதிர்ப்புறமாக, 2018இல் அமைச்சகம் செயலகமானபோது அதுவரை அமைச்சராக இருந்த லினோ பராஞாவோவே பொறுப்பில் தொடர்ந்தார். ஆள் அவரே, திட்டங்கள் பலவும் அவையே. சேதமோ அதற்கு முன்பே தொடங்கியிருந்தது: அமைச்சகம் முழு அந்தஸ்தோடு இருந்த 2016 டிசம்பரிலேயே, கோனிசெட்டின் தேர்வில் தேறியும் சுமார் 500 இளம் ஆய்வாளர்களுக்கு இடம் மறுக்கப்பட்டது. பலகையை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியாது. அந்தஸ்துக் குறைவு பெரும்பாலும் நோயின் அறிகுறிதான், என்றாலும் அமைச்சரவை மேசையில் இடமில்லாத துறைக்காகப் பேரம் பேச ஆள் இல்லை என்பதும் உண்மை.

உண்மையான வெட்டு சத்தமில்லாமல் விழுகிறது. 2023இல் விலைவாசி 211 சதவீதம் ஏறியது. 2024க்குப் புதிய வரவு செலவுத் திட்டம் நிறைவேறாமல், 2023இன் திட்டமே நீட்டிக்கப்பட்டது. எந்த ஆணையிலும் ‘குறைப்பு’ என்ற சொல்லே இல்லாமல் ஒதுக்கீட்டின் பெரும்பகுதி கரைந்துபோனது. அரசின் அறிவியல் செலவை 2032க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 1 சதவீதமாக்க வேண்டும் என்று 2021இல் இயற்றிய 27,614ஆம் சட்டம் அப்போதும் நடைமுறையில் இருந்தது. கருவூலம் அதைக் கண்டுகொள்ளவில்லை. 2024 மார்ச்சில் 68 நோபல் அறிஞர்கள் மிலெய்க்குக் கடிதம் எழுதினர். பற்றாக்குறையில் தத்தளிக்கும் நாடு எல்லாச் செலவையும் குறைத்துத்தான் ஆக வேண்டும் என்பது அரசுத் தரப்பின் பதில். அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் பாதியில் நிறுத்திய சோதனையை அடுத்த ஆண்டு பாதியிலிருந்து தொடர முடியாது. சாலைப் பணிக்கும் ஆய்வுக்கும் உள்ள வித்தியாசம் அது. பணியைச் சட்டம் காத்தாலும் வேதிப்பொருளுக்கும் கருவிக்கும் அந்தக் காப்பு இல்லை என்பதால், ஆய்வாளர் ஆய்வகத்தில் இருப்பார், ஆய்வு இருக்காது.

வாக்கு நீடித்தபோது கிடைத்ததற்கும் சான்று உண்டு. ராக்கெல் சான் குழு சூரியகாந்தி மரபணு ஒன்றிலிருந்து வளர்த்த வறட்சி தாங்கும் கோதுமை 2020இல் அனுமதி பெற்றது. 2001 டிசம்பரில் தொடங்கி இரண்டு வாரத்துக்குள் ஐந்து அதிபர்களைப் பார்த்த நெருக்கடியைத் தாண்டி நடந்த வேலை அது. ஆர்சாட் செயற்கைக்கோள்களுக்கு அந்த நல்லூழ் வாய்க்கவில்லை: 2014இலும் 2015இலும் இரண்டு ஏவப்பட்டன, மூன்றாவது 2016இல் நிறுத்திவைக்கப்பட்டது. கரெம் என்ற சிறு அணுவுலையின் கருத்துரு 1984இல் வெளியிடப்பட்டது. அத்துச்சாவுக்கு அருகே 2014இல்தான் கான்கிரீட் ஊற்றினார்கள். இடையிடையே நின்று தொடர்ந்த அந்தக் கட்டுமானம், முடிவதற்கு முன்பே 2024இல் மறுபடியும் நின்றது.