விநியோகச் சங்கிலியில் இயற்கை இடர்கள்: ஹெப்பகோடி

ஹெப்பகோடி, பெங்களூரு நகர மாவட்டம் ஆனேக்கல் வட்டத்தில் ஓசூர் சாலையை ஒட்டியுள்ள தொழில் ஊர். பொம்மசந்திரா தொழிற்பேட்டையும் எலெக்ட்ரானிக் சிட்டியும் இதன் அக்கம்பக்கம். ஒரு நிறுவனம் வாங்கும் மூலப்பொருள் எந்த உயிரினத்தை, எந்த மண்ணை, எந்த நீரை நம்பியிருக்கிறது, அந்த நம்பிக்கை எங்கே பொய்க்கும் என்று தேடிப் பார்ப்பதுதான் இயற்கை இடர் அறிதல். இதை விளக்க இவ்வூரின் பயோகான் நிறுவனத்தின் பழைய கதையே போதும்.

1978-இல் கிரண் மஜும்தார் ஷா தொடங்கியபோது பயோகான் தயாரித்தவை, பப்பாளிப் பாலிலிருந்து எடுக்கும் பப்பைன் நொதியும் மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்து பீரைத் தெளியவைக்கப் பயன்படுத்தும் ஐசிங்கிளாஸும். நொதித் தொழிலை 2007-இல் நோவோசைம்ஸ் நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. மறு ஆண்டே, மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட பப்பாளி மாவுப்பூச்சி கோயம்புத்தூரில் தென்பட்டது. பப்பாளியோடு நிற்காமல் மரவள்ளி, மல்பெரி என்று பரவியது. மேலே மெழுகுப் படலம் இருப்பதால் பூச்சிமருந்து சரியாகப் பிடிக்கவில்லை. 2010-இல் பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சிகள் பணியகம் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்தது. அவற்றில் அசெரோஃபேகஸ் பப்பாயே என்னும் நுண்குளவி பூச்சியை அடக்கியது. பப்பைன் வாங்கும் எந்த ஆலையின் கணக்கேட்டிலும் அந்தக் குளவிக்கு ஒரு வரிகூட ஒதுக்கப்படுவதில்லை.

2023 செப்டம்பரில் இயற்கைசார் நிதி வெளிப்படுத்தல் பணிக்குழு தன் பரிந்துரைகளை வெளியிட்டது. இடத்தைக் கண்டறி, சார்பையும் தாக்கத்தையும் அள, இடரை எடைபோடு, பதில் நடவடிக்கைக்குத் தயாராகு என்பது அதன் வழிமுறை. இடறுவது பெரும்பாலும் முதல் படியில்தான். பட்டியல் சீட்டில் இருப்பது வியாபாரியின் முகவரி, தோட்டத்தின் முகவரி அல்ல. இந்தியாவில் சந்தை மதிப்பில் முதல் 1,000 நிறுவனங்கள் 2022-23 முதல் பங்குச் சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபிக்குத் தரும் பொறுப்பு அறிக்கை, சூழல் முக்கியத்துவம் உள்ள பகுதிகளில் ஆலையோ அலுவலகமோ உண்டா என்று கேட்கிறது. ஹெப்பகோடிக்காரர்கள் இதற்கு அருகிலுள்ள பன்னேருகட்டா காட்டின் எல்லையைப் பார்த்துவிட்டுப் பதில் எழுதிவிடலாம். ஆனால் மாவுப்பூச்சி தாக்கிய கோயம்புத்தூர்த் தோட்டம் அந்தக் கேள்விக்குள் வராது. சரக்குத் தருவோரின் சூழல் தாக்கம் பற்றிய கேள்வியும் அறிக்கையில் இருக்கிறது. ஆனால் விருப்பப்பட்டால் விடையளிக்கும் பகுதியில்.

வாசலிலேயே உள்ள இடர் தண்ணீர். ஆனேக்கல் வட்டத்தில் நிலத்தடி நீர் ஊறுவதைவிட உறிஞ்சப்படுவது அதிகம். பயோகான் அறக்கட்டளை ஹெப்பகோடி ஏரியைச் சீரமைத்திருக்கிறது.

பயோகான் இன்று இயங்கும் ஊசி மருந்துத் துறையின் தொலைதூரச் சார்பு இன்னும் விசித்திரமானது. மருந்தில் பாக்டீரிய நச்சு கலந்திருக்கிறதா என்று பார்க்கும் சோதனை, குதிரைலாட நண்டின் நீல இரத்தத்தை நம்பியது. அமெரிக்கக் கரையில் அதன் முட்டைகளைத் தின்று வலசை போகும் பறவைகளும் உண்டு. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் டிங் ஜீக் லிங், ஹோ போ இருவரும் 1990-களிலேயே மரபணு வழியில் மாற்றுப்பொருளுக்கு அடித்தளம் இட்டனர். ஐரோப்பிய மருந்தேட்டில் அது 2021-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்க மருந்தேட்டில் 2025-இல்.