ஒப்புமையைத் தேடாதே: பினோத் பிகாரி முகர்ஜியும் அவருடைய மாணவர்களும்

அண்மையில் மறைந்த என் நெறியாளரைப் பற்றித் துறையின் நினைவு மலருக்கு ஒரு கட்டுரை கேட்டிருக்கிறார்கள். மூன்று வாரங்களாக எழுத முயன்றும் அவருடைய நூல்கள், அவர் தலைமை தாங்கிய கருத்தரங்குகள், அவரிடம் பட்டம் பெற்றோரின் எண்ணிக்கை ஆகியவற்றுக்கு அப்பால் ஒரு வரிகூட நகரவில்லை. அவர் எனக்குக் கற்றுத் தந்தது என்ன என்ற கேள்விக்கு விடையாக எந்தச் சான்றும் என் கைவசம் இல்லை. ஆகவே, அவர் என்னை ஆராயத் தூண்டிய ஓர் ஆசிரியரின் வரலாற்றை இங்கே எழுதிப் பார்க்கிறேன். அவருக்குத் தமிழ் தெரியாது. இருந்திருந்தாலும் இதை வாசித்திருக்க இயலாது. அதனாலேயே சற்றுத் துணிவாக எழுத முடிகிறது.

பினோத் பிகாரி முகர்ஜி 1904இல் பிறந்தார். பிறவியிலேயே ஒரு கண்ணில் பார்வை இல்லை. மற்றொன்றில் கடுமையான கிட்டப்பார்வை. சாந்திநிகேதனில் பள்ளிக் கல்வி பெற்று, 1919இல் தொடங்கப்பட்ட கலாபவனத்தின் முதல் மாணவர்களுள் ஒருவரானார். கண்ணே துணை செய்யாத ஒருவர் ஓவியராவது எங்ஙனம் என்று அவருடைய ஆசான் நந்தலால் போஸுக்கு ஐயம் எழுந்தது. மாணவன் ஈடுபாட்டோடு அமர்ந்து வேலை செய்கிறான் எனில் அவனைத் தடுக்க வேண்டியதில்லை என்பது தாகூரின் நிலைப்பாடு. நந்தலால் அதை ஏற்றார். இந்திய நவீன ஓவிய வரலாற்றில் இதைவிடப் பெரிய நிகழ்ச்சிகள் உண்டு. ஆயினும், ஓர் ஆசிரியர் தம் ஐயத்தை அடக்கிக்கொண்டு மாணவனுக்கு இடம் விட்ட அந்தத் தருணத்தைக் கடந்து செல்ல என் நெறியாளர் ஒருபோதும் அனுமதித்ததில்லை.

பினோத் பிகாரியின் மிகப் பெரிய படைப்பு சாந்திநிகேதனின் இந்தி பவனத்தில் இருக்கிறது. 1946–47இல் அங்குள்ள சுவர்களின் மேற்பகுதியில் இடைக்கால பக்தர்களின் வாழ்வை அவர் தீட்டினார். இராமானுசர், கபீர், சூர்தாசர், துளசிதாசர் எனத் தெற்கும் வடக்கும் ஒரே ஓட்டத்தில் கலக்கின்றன. ஈரச் சுண்ணாம்புப் பூச்சின்மேல் தீட்டும் முறை அது. பூச்சு உலர்வதற்குள் வண்ணம் ஏறிவிட வேண்டும். உலர்ந்தபின் திருத்துவதற்கு வழியில்லை. இத்தகைய பணிக்கு முழு அளவு வரைபடம் ஒன்றை முன்கூட்டியே ஆயத்தம் செய்துகொள்வது வழக்கம். அவரோ சிறு வரைவுகளை மட்டும் வைத்துக்கொண்டு நேரே சுவரில் தீட்டினார். முழுச் சுவரையும் ஒருசேரக் காண இயலாத மனிதர், அதை மனத்துக்குள் முழுமையாக வைத்திருந்தார் என்றே கொள்ள வேண்டும்.

பத்தாண்டுகளுக்குப் பின், 1957இல், ஓர் அறுவைச் சிகிச்சையைத் தொடர்ந்து எஞ்சியிருந்த பார்வையும் அவருக்குப் போயிற்று. பார்வையற்ற கவிஞர் எனப் போற்றப்படும் சூர்தாசர் அந்தச் சுவரில் இருப்பதை முன்னறிவிப்பாகக் காட்டிச் சிலர் உருகுவர். பின்னால் நேர்ந்ததை வைத்து முன்னால் நடந்ததை வாசிப்பது வரலாறு ஆகாது. நானும் முதல் வரைவில் அவ்வாறே உருகியிருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அந்தச் சுவரில் உதவியாளராக நின்ற மாணவர்களுள் ஒருவர் கே. ஜி. சுப்ரமணியன். கேரளத்தில் 1924இல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் பயின்று, விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர். 1944இல் கலாபவனத்தில் சேர்ந்தார். அவருக்குச் சில ஆண்டுகள் முன்னதாக, 1940இல், தாயின் விருப்பத்தின் பேரில் அங்கு வந்து சேர்ந்தவர் சத்யஜித் ரே. அதே ஆண்டில்தான் பினோத் பிகாரி கலாபவன விடுதியின் கூரையில் வீர்பூம் மாவட்டத்து நிலக்காட்சியைத் தீட்டினார். மரங்களும் குளங்களும் கால்நடைகளும் கிராமத்து மனிதர்களும் தலைக்குமேல் எல்லாப் பக்கமும் பரந்து கிடக்கும் அந்த ஓவியத்தில் புராண நாயகர் எவரும் இல்லை. ரே படிப்பை முடிக்கவில்லை. 1942இல் வெளியேறி, அடுத்த ஆண்டு கல்கத்தாவில் ஒரு விளம்பர நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ஓவியர் ஆகவில்லை, 1955இல் ‘பதேர் பாஞ்சாலி’ வெளிவந்தது.

என் ஆய்வேட்டின் இரண்டாம் இயலில் இந்தக் கூரை ஓவியத்தையும் ‘பதேர் பாஞ்சாலி’யின் நிலக்காட்சிகளையும் அருகருகே வைத்து இருபது பக்கங்கள் எழுதியிருந்தேன். சட்டக அமைப்பு, அடிவானத்தின் உயரம், மனித உருவங்களின் அளவு என ஒப்புமைகளை அடுக்கியிருந்தேன். நெறியாளர் அந்த இருபது பக்கங்களின் குறுக்கே பென்சிலால் ஒரே கோடு இழுத்துத் திருப்பித் தந்தார். “ஒப்புமையைத் தேடாதே. சாயல் தெரிந்தால் அது ஆசிரியரின் தோல்வியாகக்கூட இருக்கலாம்” என்றார். ஒரு மாதம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தக் கோபத்தோடுதான் மறுபடி தரவுகளைப் புரட்டினேன்.

அப்போது கண்ணில் பட்டது வேறு ஒன்று. சாந்திநிகேதனை விட்டு முப்பது ஆண்டுகள் கழித்து, 1972இல், ரே தம் ஆசிரியரைப் பற்றி ‘தி இன்னர் ஐ’ என்ற சுமார் இருபது நிமிட ஆவணப்படத்தை எடுத்தார். பார்வை இழந்தபின் பினோத் பிகாரி கலாபவனத்துக்குத் திரும்பிக் கலை வரலாறு கற்பித்தார், வரைந்தார், காகிதங்களை வெட்டி ஒட்டினார், சிறு உருவங்களை வனைந்தார். 1972இல் கலாபவனச் சுவரில் பீங்கான் ஓடுகளால் ஆன பெரும் படைப்பொன்றையும் அமைத்தார். இவற்றை ரே எந்த இரக்கமும் இன்றிக் காட்டுகிறார். கறுப்புக் கண்ணாடி அணிந்த ஒரு மனிதரின் விரல்கள் வேலை செய்கின்றன. ரேயின் குரல் நிதானமாகத் தகவல் சொல்கிறது. பரிதாபத்தைக் கோரும் இசையோ அண்மைக்காட்சியோ எளிதில் கைகொடுக்கும் இடம் அது. அந்தத் தவிர்ப்பில்தான் மாணவர் தெரிகிறார் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் தவிர்ப்புக்கு அடிக்குறிப்பு எழுதுவது எளிதன்று.

சுப்ரமணியன் கடனைத் தீர்த்த வழி இன்னும் அமைதியானது. சுடுமண் புடைப்புச் சிற்பம், மரப் பொம்மை, கண்ணாடியின் பின்புற ஓவியம் என்று அவர் சென்ற திசைகளில் எதுவும் ஆசிரியரை நினைவூட்டுவதில்லை. கண் தெரியாத நிலையில் பினோத் பிகாரி சொல்லச் சொல்லப் பிறர் எழுதிய வங்காள நினைவுக்குறிப்புகள் ‘சித்ரகர்’ என்ற நூலாயின. அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் சுப்ரமணியன். 2006இல் அந்த மொழிபெயர்ப்பு வெளிவந்தபோது அவருக்கு வயது எண்பதைக் கடந்திருந்தது. தம் பெயரில் எத்தனையோ கட்டுரைத் தொகுதிகள் இருந்தும், ஆசிரியரின் சொற்களுக்குப் பின்னால் நிற்க அந்த வயதில் அவர் நேரம் ஒதுக்கியிருக்கிறார். இடையில் மற்றொன்றும் நிகழ்ந்தது. பினோத் பிகாரியின் மகள் மிருணாளினி முகர்ஜி பரோடாவில் சுப்ரமணியனிடம் மாணவியாகச் சேர்ந்தார். பின்னாளில் சணல் கயிற்றை முடிச்சிட்டுப் பேருருவச் சிற்பங்கள் செய்தார். தந்தையின் ஓவியத்தோடும் குருவின் பொம்மைகளோடும் அவற்றைச் சேர்த்து ஒரு வரிசையில் வைக்க எந்த அருங்காட்சியகக் காப்பாளருக்கும் கை வராது.

பினோத் பிகாரி 1980இல் காலமானார். சுப்ரமணியன் பரோடாவிலிருந்து சாந்திநிகேதனுக்குப் பேராசிரியராகத் திரும்பியதும் அதே ஆண்டில்தான்.

நினைவு மலருக்காக நேற்று அந்தப் பழைய ஆய்வேட்டு வரைவைத் தேடி எடுத்தேன். கோடிட்ட பக்கங்களுக்கு முன்னால், இந்தி பவனச் சுவரைப் பற்றிய பத்தியின் ஓரத்தில், பென்சிலால் ஒரு கேள்வி இருந்தது. “ஈரச் சுண்ணாம்பைப் பூசித் தந்த கைகள் யாருடையவை?” அதற்கு அன்று சுப்ரமணியனின் பெயரை மட்டும் சேர்த்துவிட்டு அடுத்த இயலுக்குப் போய்விட்டேன். ‘கைகள்’ என்ற சொல்லின்கீழ் இரண்டு முறை கோடிட்டிருப்பதை இப்போதுதான் கவனிக்கிறேன். பூச்சு வேலை செய்த கொத்தனார்களை அவர் மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

மலர்க் குழுவிடம் இரண்டு மாத அவகாசம் கேட்டிருக்கிறேன். டிசம்பரில் சாந்திநிகேதன் செல்கிறேன். அந்த ஆண்டுகளின் கூலிப் பதிவேடுகள் பற்றி அறிந்த நண்பர்கள் இருப்பின் தெரிவிக்கவும்.