ஆலைக்குக் குட்டை, லயத்துக்கு லோங்காங்

'காட்டுக்குப் போயிட்டு வரேன்' என்று தோட்டத்தில் ஒருவர் சொன்னால் வேலைக்குப் போகிறார் என்று அர்த்தமில்லை. ஆரம்பகால லயங்கள் பலவற்றில் பால்மரக் காடுதான் கக்கூஸ்.

1915 முதல் 1917 வரை ராக்பெல்லர் அறக்கட்டளை அனுப்பிய மருத்துவக் குழு ஒன்று மலாயா, ஜாவா, பிஜி மூன்று இடங்களிலும் கொக்கிப்புழுவை ஆராய்ந்தது. டார்லிங், பார்பர், ஹேக்கர் மூவரும் எழுதிய அறிக்கை 1920இல் வெளிவந்தது. மலத்தோடு மண்ணில் விழும் முட்டை பொரிந்து புழுவாக நிழலும் ஈரமும் வேண்டும். ரப்பர் மரத்தடியில் இரண்டுக்கும் குறைவில்லை. வெறுங்காலோடு மரம் சீவப் போகிறவரின் பாதத்தோலைத் துளைத்து உள்ளே போகும் அந்தப் புழு, குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும். சோம்பேறி என்று கங்காணியிடம் ஏச்சு வாங்கினவர்களில் எத்தனை பேருக்கு உடம்பில் ரத்தமே இல்லாமல் இருந்ததோ!

பிறகு கக்கூஸ் வந்தது. வாளிக் கக்கூஸ் இருந்த இடங்களில் தோட்டியும் வந்தார். ஊரில் இருந்த சாதி கப்பலேறி வந்து, லயத்தின் கடைசி வீட்டில் குடியேறியது. சஞ்சிக்கூலிகளின் கண்ணீரை நாம் நிறைய எழுதியிருக்கிறோம். அந்த வாளியைத் தூக்கினவரைப் பற்றி எத்தனை பக்கம் எழுதியிருக்கிறோம்?

ரப்பர் போய் செம்பனை வந்தபோது கதை ஆற்றுக்கு நகர்ந்தது. ஒரு டன் எண்ணெய் எடுத்தால் ஏறக்குறைய இரண்டரை டன் கழிவுநீர் மிஞ்சும். கொதிக்கக் கொதிக்க, பழுப்பு நிறத்தில், புளித்த வாடையோடு வரும் நீர் அது. அதில் விஷம் கிடையாது. மீனைக் கொன்றது பசி. அந்த நீரைத் தின்று தீர்க்கும் நுண்ணுயிர்கள் ஆற்றில் கரைந்திருக்கும் பிராணவாயுவையும் சேர்த்துத் தின்றுவிடும். இந்தப் பசியை அளக்க ஓர் அலகு உண்டு. வீட்டுச் சாக்கடையில் அது லிட்டருக்குச் சில நூறு மில்லிகிராம். ஆலைக் கழிவில் ஏறக்குறைய 25,000. ஆற்றோரக் கம்பத்தில் வலை வீசினவர்களுக்கு இந்தக் கணக்கு தேவைப்படவில்லை. செத்து மிதந்த மீனே போதும்.

1974இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. 1977இல் செம்பனை ஆலைகளுக்கென்றே தனி விதிகள் வந்தன. நம் நாட்டில் இவ்வளவு கெட்டிக்காரத்தனமான விதிகளை நான் அதிகம் பார்த்ததில்லை. 1978இல் 5,000 மில்லிகிராம் வரை விடலாம் என்று ஆரம்பித்து, வருஷா வருஷம் இறுக்கி, 1984இல் நூறுக்குக் கொண்டுவந்தார்கள். ஆற்றில் விடும் கழிவுச் சுமைக்கு டன்னுக்குப் பத்து ரிங்கிட் கட்டணம். வரம்பு மீறினால் நூறு. முதலாளிக்குப் புரிகிற மொழி அது. ஆலைகள் நிலத்தை வெட்டி வரிசையாகக் குட்டைகள் கட்டின. முதல் குட்டையில் சூடு ஆறும், எண்ணெய் மிதக்கும். அடுத்தடுத்த ஆழமான குட்டைகளில் காற்றில்லாமல் கழிவு நொதித்து மீத்தேன் குமிழ் குமிழாகக் கிளம்பும். ஆழமில்லாத கடைசிக் குட்டைகளில் பாசி பச்சையாகப் படரும். வாரக்கணக்கில் இப்படி நகர்ந்துதான் நீர் ஆற்றை அடையும். பெரிய இயந்திரம் எதுவும் கிடையாது. இடமும் பொறுமையும் இருந்தால் போதும்.

இதே தோட்டத்தில் லயமும் இருந்தது. கிராமங்களுக்குச் சுகாதார அமைச்சு நீரூற்றும் கழிவறைகளைக் கொண்டுபோனது. தோட்டமோ தனியார் நிலம். அங்கே வீடும் தண்ணீரும் கழிவறையும் முதலாளியின் பொறுப்பு. அதற்கும் 1966இலேயே தொழிலாளர் வீடமைப்புக்கான குறைந்தபட்சத் தரச் சட்டம் வந்துவிட்டது, அதாவது ஆலை விதிகளுக்குப் பதினோரு வருஷம் முன்னால். ஆனால் லயத்துக் கழிவுக்கு யாரும் டன் கணக்கில் விலை வைக்கவில்லை.

கடைசிக் குட்டையின் நீரைப் புட்டியில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். குளியலறைத் தண்ணீரும் அடுப்படித் தண்ணீரும் கலந்து ஓடுகிற லயத்து லோங்காங்கில், பிள்ளைகள் காகிதக் கப்பல் விட்டுக்கொண்டிருந்தார்கள்.