யூஎஸ்பி டெதரிங்: லினக்ஸ் கணினியில் இணைப்பு வராதபோது

கைப்பேசியின் மொபைல் டேட்டாவைக் கேபிள் வழியாகக் கணினிக்குக் கொடுப்பது யூஎஸ்பி டெதரிங். ஆண்ட்ராய்டில் இந்த வசதி 2010இல் வெளிவந்த 2.2 பதிப்பிலிருந்து இருக்கிறது. ஹாட்ஸ்பாட் போட்டால் பேட்டரி வேகமாக இறங்கும். கேபிளில் இணைத்தால் டேட்டாவும் போகும், கைப்பேசிக்குச் சார்ஜும் ஏறும்.

தமிழ்நாட்டில் லினக்ஸ் சாதாரண வீடுகளுக்குள் நுழைந்தது பெரும்பாலும் அரசு மடிக்கணினி வழியாகத்தான். 2011 செப்டம்பர் 15இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தின் தொடக்கக்கால இயந்திரங்களில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கிய இயங்குதளம் அது. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் சுற்றுவட்டாரக் கரிசல் கிராமங்களிலும் அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகள் கையில் அந்த மடிக்கணினி வந்து சேர்ந்தது. 2016இல் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்த பிறகு, தரைவழி இணைப்பு இல்லாத வீட்டுக்குக் கைப்பேசியே இணையம் ஆனது. கரண்ட் போனாலும் அது நிற்காது.

கோளாறு வந்தால் முதலில் பார்க்க வேண்டியது கேபிளை. சாதாரண யூஎஸ்பி 2.0 கேபிளுக்குள் நான்கு கம்பிகள்: இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தகவலுக்கு. சில மலிவான கேபிள்களில் தகவல் கம்பிகளே இருக்காது. சார்ஜ் ஏறுகிறதே என்று கேபிளைச் சந்தேகிக்காமல் விட்டுவிட்டு, இயங்குதளத்தையே அழித்து மறுபடி நிறுவியவர்கள் உண்டு. அத்தனை உழைப்பும் வீண். இதற்கு எளிய சோதனை ஒன்று இருக்கிறது. கேபிளைச் செருகிக் கைப்பேசியின் அமைப்புகளில் டெதரிங் பக்கத்தைத் திறக்க வேண்டும். யூஎஸ்பி டெதரிங் பொத்தான் மங்கலாக, தொட்டாலும் அசையாமல் இருந்தால், கைப்பேசிக்கு எதிர்முனையில் கணினி இருப்பதே தெரியவில்லை என்று பொருள். வேறு கேபிள், வேறு போர்ட் என்று மாற்றிப் பார்க்க வேண்டும். சார்ஜிங் துளையில் அடைந்த தூசியையும் கவனிக்க வேண்டும். செம்மண்ணானாலும் கரிசலானாலும் காற்றுக்காலத்தில் அது சேரத்தான் செய்யும்.

பெரும்பாலான கைப்பேசிகளில் கேபிளைக் கழற்றினால் டெதரிங் தானாக அணைந்துவிடும். ஒவ்வொரு முறை செருகும்போதும் மறுபடி இயக்க வேண்டும். "நேற்று வந்தது, இன்று வரவில்லை" என்ற புகாருக்குப் பல நேரம் இதுதான் காரணம்.

அடுத்தது லினக்ஸின் முறை. டெர்மினலில் எல்எஸ்யூஎஸ்பி கட்டளை கொடுத்தால் செருகிய சாதனங்கள் வரிசையாக வரும். கைப்பேசியின் பெயர் அதில் இருந்தால் கேபிள் நல்ல கேபிள். டெதரிங்கை இயக்கியதும், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் செய்திப் பதிவில் ஆர்என்டிஐஎஸ் என்ற சொல் தோன்றலாம். மைக்ரோசாஃப்ட் வகுத்த அந்த நெறிமுறைக்கான டிரைவர் லினக்ஸ் கெர்னலிலேயே இருக்கிறது. தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. புதிய பிக்சல் கைப்பேசிகள் என்சிஎம் என்ற வேறு நெறிமுறையைப் பயன்படுத்துகின்றன. அதற்கும் கெர்னலில் டிரைவர் உண்டு. ஐபோனுக்கான டிரைவர் 2010இல் கெர்னலில் சேர்ந்தது. ஆனால் யூஎஸ்பிமக்ஸ்டி என்ற துணை நிரலும் வேண்டும், போன் திரையில் கேட்கும் "நம்பு" என்ற அனுமதியும் தர வேண்டும்.

இணைப்பின் பெயர் பழைய கணினியில் யூஎஸ்பி0 என்று வரும். புதியதில் பெரும்பாலும் ஈஎன் என்று தொடங்கும் நீண்ட பெயராக இருக்கும். பெயர் வந்தும் ஐபி முகவரி வரவில்லையென்றால், இணைப்புகளை நிர்வகிக்கும் நெட்வொர்க் மேனேஜர் அந்த இணைப்பைக் கவனிக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல கைப்பேசிகள் இணைப்பின் அடையாள எண்ணான மேக் முகவரியை ஒவ்வொரு முறையும் புதிதாகக் காட்டும். ஆகவே மேக் முகவரியோடு கட்டிச் சேமித்து வைத்த பழைய அமைப்பு மறுநாள் பயன்படாது.

முகவரியும் வந்து உலாவி மட்டும் திறக்காவிட்டால் 8.8.8.8 என்ற எண்ணுக்கு பிங் அனுப்பலாம். பதில் வந்தால் பாதை சரி, பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ்ஸில்தான் சிக்கல். பதில் வராவிட்டால் கைப்பேசியிலேயே டேட்டா ஓடுகிறதா என்று ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்துவிட வேண்டும்.

பிராட்காம் வைஃபை சில்லு உள்ள சில மடிக்கணினிகளில், லினக்ஸ் நிறுவியதும் வைஃபை வேலை செய்யாது. அதற்கான ஃபர்ம்வேரை இணையத்திலிருந்துதான் இறக்க வேண்டும், அந்த இணையத்துக்கு வைஃபை இல்லை. அப்போது கைகொடுப்பது டெதரிங்தான். லினக்ஸ் நிறுவ உட்காருபவர்கள், தகவல் கம்பி உள்ளது என்று சோதித்துப் பார்த்த கேபிள் ஒன்றை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.