தனியார் வானூர்திப் பயண உடல்நலம்

தனியார் வானூர்திப் பயண உடல்நலம் என்பது, சொந்தமாகவோ வாடகைக்கு அமர்த்தியோ சிறிய ஜெட் வானூர்திகளில் செல்வோர் மேற்கொள்ள வேண்டிய மருத்துவ ஆயத்தங்களைக் குறிக்கும். இவ்வானூர்திகளில் இட வசதி மிகுதி. ஆயினும் உயரத்தால் உடலில் ஏற்படும் மாற்றங்கள் பெரிய பயணிகள் வானூர்திகளில் ஏற்படுவன போன்றவையே. அவசர வேளையில் உதவும் ஆட்களும் கருவிகளும் குறைவு. எனவே ஆயத்தப் பொறுப்பின் பெரும்பகுதி பயணியையே சாரும்.

உயரமும் உடலும்

வானூர்தியின் உள்ளே காற்றழுத்தம் செயற்கையாக உயர்த்தப்படுகிறது. எனினும் அது தரைமட்ட அழுத்தத்துக்கு ஈடாவதில்லை. பொதுவாக 8,000 அடி (ஏறத்தாழ 2,440 மீட்டர்) உயரத்தில் நிலவும் அழுத்தத்துக்குக் குறையாதவாறு பேணப்படும். இது உதகமண்டலத்துக்கும் தொட்டபெட்டா சிகரத்துக்கும் இடைப்பட்ட உயரம் ஆகும். மீனம்பாக்கத்தில் ஏறக்குறைய கடல்மட்டத்தில் புறப்படும் பயணி, அரைமணி நேரத்துக்குள் இந்நிலையை எட்டக்கூடும். சில புதிய வானூர்திகளில் உள்ளழுத்தம் இதைவிடக் கூடுதலாகப் பேணப்படுகிறது.

இதன் விளைவுகள்:

* குருதியில் ஆக்சிசன் செறிவு குறையும். நலமுள்ளவர் இதை உணர்வதில்லை. இதய, நுரையீரல் நோயாளிகளுக்கும் கடும் குருதிச்சோகை உள்ளோருக்கும் மூச்சுத்திணறல் ஏற்படலாம்.
* உடலினுள் அடைபட்ட வளி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விரிவடையும். நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்தவர்களும், விழித்திரை அறுவையில் கண்ணுள் வளி செலுத்தப்பட்டவர்களும், அது நீங்கும்வரை பறத்தல் ஆகாது.
* நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாது அமர்ந்திருப்பின் கால் சிரைகளில் குருதி உறையும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகும்.

அவசர உதவி

பல நாடுகளின் விதிகளின்படி, 19 இருக்கைகள் வரை உள்ள வானூர்திகளில் பயணிகள் பணியாளர் கட்டாயமில்லை. விமானிகள் வானூர்தியைச் செலுத்துவதில் ஈடுபட்டிருப்பர். அமெரிக்காவில் 2004 ஏப்ரல் முதல் பெரிய பயணிகள் வானூர்திகளில், தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை மின்னதிர்வால் சீராக்க முயலும் தானியங்கிக் கருவி கட்டாயமாக்கப்பட்டது. சிறிய தனியார் ஜெட்டுகள் இவ்விதியில் அடங்கா. இக்குறையை ஈடுசெய்ய, தரையில் உள்ள மருத்துவர்கள் தொலைத்தொடர்பு வழியே அறிவுரை வழங்கும் சேவைகள் உள்ளன. 1985-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட மெட்ஏர் அவற்றுள் ஒன்று.

நோயாளர் பயணம்

1984 அக்டோபரில் சென்னை அப்பல்லோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அன்றைய முதலமைச்சர் எம். ஜி. இராமச்சந்திரன், நவம்பரில் மருத்துவ வசதிகள் பொருத்தப்பட்ட சிறப்பு வானூர்தியில் நியூயார்க்கின் புரூக்ளினுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அங்குச் சிறுநீரக மாற்று அறுவை செய்யப்பட்டு, 1985 பெப்ரவரியில் நாடு திரும்பினார். நோயாளரைக் கொண்டுசெல்லும் வானூர்தியில் படுக்கை, ஆக்சிசன், உயிர்க்குறி காட்டும் கருவிகள், பயிற்சி பெற்ற மருத்துவக் குழு ஆகியன இன்றியமையாதவை. சாதாரண வாடகை ஜெட் இதற்கு மாற்றாகாது.

பயணத்துக்கு முன்

* பெரிய வானூர்தி நிறுவனங்கள், அண்மையில் அறுவை செய்துகொண்டோரிடம் மருத்துவச் சான்று கேட்பதுண்டு. தனியார் பயணத்தில் அத்தகைய சோதனை நடக்கும் என எதிர்பார்க்க இயலாது. ஆகவே நோயுற்றோர் தாமே மருத்துவரிடம் ஒப்புதல் பெற வேண்டும்.
* மருந்துகளைக் கைப்பையில் வைத்தல் வேண்டும். சில சிறிய ஜெட்டுகளின் சரக்கறையைப் பறக்கும்போது அணுக இயலாது. அங்குக் குளிரில் இன்சுலின் உறைந்து கெடவும் கூடும்.
* ஆக்சிசன் தேவைப்படுவோர் வானூர்தி இயக்குநரிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.
* முதலுதவிப் பெட்டியில் உள்ளவற்றையும், அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்தவர் எவர் என்பதையும் புறப்படுமுன் அறிதல் நன்று.
* வழியில் இறங்கக்கூடிய, மருத்துவமனை வசதியுள்ள நகரங்களை விமானியிடம் கேட்டு அறியலாம்.

தடுப்பூசி

மஞ்சள் காய்ச்சல் பரவலுள்ள ஆப்பிரிக்க, தென்னமெரிக்க நாடுகளிலிருந்து இந்தியா வருவோர் தடுப்பூசிச் சான்று காட்ட வேண்டும். தனியார் வானூர்தியில் வருவோருக்கும் விலக்கில்லை. சான்றில்லாதோர் 6 நாள்வரை தனிமைப்படுத்தப்படலாம். ஊசி போட்ட 10 நாட்களுக்குப் பின்னரே சான்று செல்லுபடியாகும். சென்னையில் இவ்வூசி கிண்டி கிங் நோய் தடுப்பு மருந்து மற்றும் ஆராய்ச்சி நிலையத்தில் போடப்படுகிறது.

இவற்றையும் பார்க்க

* வளியழுத்தம்
* முதலுதவி
* மஞ்சள் காய்ச்சல்
* சென்னை பன்னாட்டு வானூர்தி நிலையம்