இணையதள வருகைக் கணக்கு வேறுபாடு

ஓர் இணையதளத்துக்கு ஒரே நாளில் வந்தவர்களை இரண்டு கருவிகள் இரண்டு எண்ணாகக் காட்டுவது. பெரும்பாலும் இரண்டு எண்ணும் சரியாகவே இருக்கும். எண்ணிய பொருள்தான் வேறு. சைவ மரபில் ஓர் எடுத்துக்காட்டு: திருநாவலூரில் பிறந்த சுந்தரர் சிவனடியார்களைப் போற்றிப் பாடிய திருத்தொண்டத்தொகையை வைத்து நாயன்மார் 63 என்பார்கள். குழுவாகப் போற்றப்படும் தொகையடியார் ஒன்பதையும் சேர்த்து 72 என்பாரும் உண்டு.

சர்வர் பதிவில் தேடுபொறிகளின் தானியங்கி நிரல்களான ‘பாட்’களின் வருகையும் ஏறும். கூகுள் அனலிடிக்ஸ், பிரவுசரில் தன் நிரல் ஓடினால்தான் எண்ணும். விளம்பரத் தடுப்பான் வைத்திருப்பவர் பலர் அதில் விழுவதில்லை. ஒருவரே போனிலும் அலுவலகக் கணினியிலும் பார்த்தால் இருவராவார். செல்போன் நிறுவனங்கள் ஒரே ஐபி முகவரியைப் பலருக்குப் பகிர்வதால், ஐபியை வைத்து எண்ணினால் பலர் ஒருவராகிவிடுவர்.

விக்கிப்பீடியா தன் வருகைக் கணக்கில் பாட்களைத் தனியே பிரித்துக் காட்டுகிறது. பாட் என்று அறிவிக்காத தானியங்கி வருகைக்கு 2020 முதல் தனி வகையும் உண்டு. விக்கிப்பீடியா கணக்கின் நாள் உலகப் பொது நேரப்படி, நமக்குக் காலை 5.30 மணிக்குத்தான் பிறக்கிறது. ஆடிச் சுவாதியில் சுந்தரர் குருபூசையன்று அந்நேரத்துக்கு முன் அவரைப் பற்றிய பக்கத்தைப் படித்தவர் முந்தைய நாள் கணக்கில் சேர்வார். பெயராலும் எண்ணிக்கை பிரியும். திருநாவலூருக்குத் திருநாமநல்லூர் என்றும் பெயர். மாற்றுப் பெயரிலிருந்து ஊரின் பக்கத்துக்கு வழிமாற்று இருந்தால், அதன் வழியே வருவோர் எண்ணிக்கை அந்தப் பெயரிலேயே நிற்கும். இரண்டையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும்.

தமிழ் முகவரிகளில் இன்னொரு சிக்கல், அதிகம் கவனிக்கப்படாதது. ‘திருநாவலூர்’ என்பதில் 11 யூனிகோடு குறிகள். முகவரியில் சதவீதக் குறிகளோடு அது 99 எழுத்தாக நீளும். அது போக, ‘தொ’ போன்ற எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் தட்டலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டாகவும் தட்டலாம். திரையில் வேறுபாடு தெரியாது. இரண்டு வடிவத்தையும் ஒன்றாக்காத தளத்தில் ஒரே பக்கம் அறிக்கையில் இரண்டு வரியாகும்.

இப்படிப்பட்ட வேறுபாடு புனல் அறிக்கையிலும் வரும். புனல் அறிக்கை என்பது முகப்பு, படிவம், கட்டணம், நன்றிப் பக்கம் எனப் படிப்படியாக எத்தனை பேர் கடந்தார்கள் என்று காட்டுவது. கூகுள் அனலிடிக்ஸின் மூடிய புனலில் முதல் படியில் நுழைந்தவரே கணக்கு. திறந்த புனலில் இடையில் வந்தவரும் சேர்வார். கோயில் அர்ச்சனைக்கு முன்பதிவு செய்பவர் யுபிஐ செயலிக்குப் போய்ப் பணம் கட்டிவிட்டு பிரவுசருக்குத் திரும்பாமல் இருந்தால், நன்றிப் பக்கம் திறக்காது. பணம் வந்திருக்கும், ரசீதும் போயிருக்கும். புனல் மட்டும் அவர் பாதியில் போய்விட்டதாகச் சொல்லும். எனவே வசூலை வங்கிக் கணக்கில்தான் பார்க்க வேண்டும். எந்தப் படியில் ஆட்கள் நின்றுபோகிறார்கள் என்பதற்கு மட்டுமே புனல்.