வெள்ளையடித்த சுவர்

1932இல் லாஸ் ஏஞ்சலிஸின் ஒல்வேரா தெருவில், ஒரு மாடியின் வெளிச்சுவரில் 'வெப்பமண்டல அமெரிக்கா'வை வரைய டேவிட் அல்ஃபாரோ ஸிகெய்ரோஸை அழைத்தார்கள். எதிர்பார்த்தது கிளிகளும் கனிகளும் சந்தோஷமான மனிதர்களும். 1930இல்தான் அத்தெரு உல்லாசப் பயணிகளுக்கான மெக்ஸிகோ கடைவீதியாக ஜோடிக்கப்பட்டிருந்தது. அதே வருஷங்களில் அந்நகரத்து மெக்ஸிகோக் குடும்பங்கள் ரயிலேற்றி எல்லைக்கு அப்பால் அனுப்பப்பட்டன. கலாச்சாரம் வேண்டும், ஆட்கள் வேண்டாம். இயற்கையை வைத்து ஒரு சமூகத்தைக் கொண்டாடுவதில் இந்தச் சௌகரியம் உண்டு: பூ கூலி கேட்காது.

ஸிகெய்ரோஸ் வனத்தை வரையத்தான் செய்தார். முறுக்கேறிய மரங்கள், சிதைந்த மாயா கோபுரம். சுமார் 80 அடி நீளச் சுவரின் நடுப்பகுதியை மட்டும் கடைசிவரை விட்டுவைத்து, திறப்புவிழாவுக்கு முந்தைய இரவில் முடித்தார். இரட்டைச் சிலுவையில் அறையப்பட்ட ஒரு பூர்வகுடி மனிதன். தலைக்கு மேல் அமெரிக்கக் கழுகு. கிளி கேட்டவர்களுக்குக் கழுகு கிடைத்தது. இவருடைய பல படங்களில் பிரசாரத்தின் குரல் எனக்கு ஓங்கிக் கேட்கும். இங்கே அப்படியில்லை. புகைப்படத்தில் பார்க்கும்போதுகூட, அந்த மரங்களும் வதைபடும் உடல்களாகவே தெரிகின்றன. வனம் பின்னணியாக ஒதுங்கிக்கொள்ளவில்லை.

தெருவிலிருந்து தெரிந்த பகுதிக்கு முதலில் வெள்ளையடித்தார்கள்; சில ஆண்டுகளில் முழுச்சுவருக்கும். 1960களின் கடைசியில் சுண்ணாம்பு உரிந்து உருவங்கள் எட்டிப் பார்த்தன. சிகானோ ஓவியர்கள் அதைத் தங்கள் முன்னோடியாகக் கண்டுகொண்டார்கள். 2012 அக்டோபரில், சரியாக 80 ஆண்டுகள் கழித்து, மீண்டும் திறந்துவைத்தபோது மேலே புதுவர்ணம் தீட்டவில்லை. மிஞ்சியிருந்தவை கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள். மரங்கள் என்ன பச்சையாக இருந்தன என்று அவை சொல்லவில்லை.